கொல்லிமலையின் வாக்கும் மறுப்பும்

தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை ஏற்காடு, சேந்தமங்கலம் என இரண்டே. 2008 மறுவரையறைக்கு முன்னால் உப்பிலியாபுரமும் இருந்தது, அதுவும் போயிற்று. சேந்தமங்கலம் தொகுதிக்குள்தான் கொல்லிமலை வருகிறது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் மலையாளி பழங்குடியினரின் ஊர்கள். ஊராட்சிகளின் பெயர்களில் பழைய நாட்டுப் பிரிவுகள் இன்னும் உயிரோடிருக்கின்றன: வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தேவனூர் நாடு, சேலூர் நாடு, வாழவந்தி நாடு. பழங்குடித் தொகுதி என்றதும் மலை தன் உறுப்பினரைத் தானே தேர்ந்தெடுக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வது இயல்பு. கணக்கு வேறு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கொல்லிமலையில் வாழ்ந்தவர்கள் சுமார் 40 ஆயிரம் பேர், குழந்தைகளையும் சேர்த்து. தொகுதியின் வாக்காளர்களோ இரண்டு லட்சத்துக்கும் மேல். சேந்தமங்கலம், எருமப்பட்டி, காளப்பநாயக்கன்பட்டி என்று அடிவாரத்து ஊர்களில்தான் வெற்றி தோல்வி முடிவாகிறது. வேட்பாளர் பழங்குடியாக இருந்தாக வேண்டும் என்கிறது சட்டம். அவரை வெல்லவைப்பவர்கள் பழங்குடிகளாக இருக்க வேண்டியதில்லை. ‘யார் வந்தாலும் ஒன்றுதான்’ என்ற சலிப்பு மலையில் எழுந்தால் அதைச் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. தொகுதியின் அமைப்பே அந்தச் சலிப்பை உண்டாக்குகிறது.

இந்த அமைப்பின் மேல்தான் இரு கட்சி அரசியல் உட்கார்ந்திருக்கிறது. 1967 முதல் 2021 வரை நடந்த தேர்தல்களில் கோட்டையைப் பிடித்தது திமுக, அது இல்லையென்றால் அதிலிருந்து 1972இல் பிரிந்த அதிமுக. சேந்தமங்கலம் 2006இல் திமுகவையும், 2011இல் அதிமுக கூட்டணியில் நின்ற தேமுதிகவையும், 2016இல் அதிமுகவையும், 2021இல் மீண்டும் திமுகவையும் தேர்ந்தெடுத்தது. நான்கு முறையும் ஆட்சியைப் பிடித்த அணியின் பக்கமே தொகுதி நின்றிருக்கிறது. மூன்றாவது கட்சி ஒன்று உள்ளே வந்ததுகூட இரண்டில் ஒன்றின் தோளில் ஏறித்தான். ஆளுங்கட்சிக்கு வாக்களித்தால் வேலை நடக்கும் என்பது நம் ஊரில் ஊறிப்போன நம்பிக்கை. அதை இவ்வளவு விசுவாசமாகச் சோதித்துப் பார்த்த தொகுதிகள் அதிகம் இருக்காது. சேந்தமங்கலம் இருக்கும் அதே நாமக்கல் மாவட்டத்தின் போதமலையைப் பாருங்கள். சாலை இல்லாத கீழூர், மேலூர், கெடமலை ஊர்களுக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களைத் தேர்தல்தோறும் ஊழியர்கள் சுமந்துகொண்டு நடந்தே ஏறினார்கள். அந்த மலைக்குச் சாலை போட நிதி ஒதுக்கப்பட்டது மிக அண்மையில்தான். வாக்கை வாங்கிவர ஏறத் தெரிந்த அரசுக்கு நோயாளியை இறக்கிவர வழி செய்ய இத்தனை பதிற்றாண்டுகள் பிடித்தன. இரண்டு கட்சிகளும் மாறி மாறி ஆண்ட காலம் அது.

வாக்களிக்காமல் இருப்பதும் உரிமைதான். 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தேர்தல் உரிமையை வரையறுக்கும்போதே வாக்களிப்பதையும் வாக்களிக்காமல் விலகியிருப்பதையும் சேர்த்தே சொல்கிறது. 1961 தேர்தல் நடத்தை விதிகளில் 49-ஓ என்ற பிரிவும் இருந்தது. சாவடிக்குப் போய்ப் பெயரைப் பதிந்தபின், வாக்களிக்க விருப்பமில்லை என்று சொல்லலாம். அதிகாரி அதைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவார். தாளில் பார்த்தால் நல்ல ஏற்பாடுதான். மலைச் சாவடியில் அது எப்படி நடக்கும் என்று பார்க்க வேண்டும். மேசைக்கு எதிரே இரண்டு கட்சி முகவர்களும் வாக்காளர் பட்டியலை விரித்துக்கொண்டு, பெயர் வாசிக்க வாசிக்கக் கோடு போட்டபடி இருப்பார்கள். ஒருவர் மாமன் முறை, இன்னொருவர் பங்காளி. அவர்கள் கண்முன்னே ‘எனக்கு யாரும் வேண்டாம்’ என்று கைநாட்டு வைக்கிறவரின் மறுப்பு இருட்டுவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். முதியோர் ஓய்வூதியத்துக்கும் சாதிச் சான்றிதழுக்கும் அதே ஆட்களிடம்தான் அவர் நாளை போய் நிற்க வேண்டும். வாக்குக்கு ரகசியம் உண்டு, மறுப்புக்குக் கிடையாது என்ற இந்த ஓரவஞ்சனையைத்தான் மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 27 செப்டம்பர் 2013 அன்று திருத்தியது. ‘மேற்கண்ட யாரும் இல்லை’ என்று சொல்லும் நோட்டா பொத்தான் பிறந்தது அப்படித்தான்.

தமிழ்நாட்டில் அந்தப் பொத்தான் முதன்முதலாக அழுத்தப்பட்டது சென்னையிலோ மதுரையிலோ அல்ல, கொல்லிமலைக்கு அண்டையில் இருக்கும், அதே மலையாளி மக்கள் வாழும் சேர்வராயன் மலையில். 4 டிசம்பர் 2013 அன்று நடந்த ஏற்காடு இடைத்தேர்தலில் மற்ற பெரிய கட்சிகள் ஒதுங்கிக்கொள்ள, அதிமுகவும் திமுகவும் நேருக்கு நேர் மோதின. அமைச்சர்கள் பட்டாளமே அங்கே முகாமிட்டது. ஏறத்தாழ 90 விழுக்காடு வாக்குப் பதிவாயிற்று. அதிமுகவின் சரோஜா 1,42,771 வாக்குகளும், திமுகவின் மாறன் 64,655 வாக்குகளும் பெற்றார்கள். மூன்றாவது இடம் நோட்டாவுக்கு: 4,431. வாக்களித்தவர்களில் இது இரண்டு விழுக்காடுதான். பெரிதுபடுத்த என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அதுவரை இந்த இரண்டு விழுக்காட்டினர் எங்கே இருந்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வீட்டோடு இருந்திருந்தால் வெளியூர் வேலைக்குப் போனவர், நோயாளி, அக்கறையில்லாதவர் என்ற கணக்கில் கரைந்திருப்பார்கள். ஆறே மாதத்தில் நீலகிரி மக்களவைத் தொகுதி இதைப் பெரிதாக எழுதிக்காட்டியது. பாஜக வேட்பாளரின் மனு தள்ளுபடியாகி, அங்கும் களம் அதிமுக, திமுக என்று சுருங்கியது. நோட்டாவுக்கு 46,559 வாக்குகள் விழுந்தன. 2014இல் நாட்டிலேயே அதுதான் அதிகம். போட்டி இரண்டு பேராக ஒடுங்குமிடத்தில் மறுப்பு மேலே வருகிறது. 2024இல் காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்தில் விலகிய இந்தூரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோட்டாவை அழுத்தியதும் இதே கதைதான்.

மறுப்பதால் யாருக்கு லாபம் என்ற கேள்வி நியாயமானது. 1931இல் இலங்கையில் டொனமூர் அரசியலமைப்பின்படி நடந்த சட்டசபைத் தேர்தலைப் புறக்கணிக்க யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அழைத்தது. முழுச் சுயாட்சி தராத அரசியலமைப்பு வேண்டாம் என்ற உயர்ந்த நோக்கம்தான். யாழ்ப்பாணப் பகுதியின் நான்கு இடங்கள் காலியாகக் கிடந்தன. கொழும்பில் மந்திரிகள் பதவியேற்றார்கள், சட்டங்கள் இயற்றினார்கள். 1934இல் இடைத்தேர்தல் நடத்திப் புகுந்தபோது மூன்று ஆண்டுகள் கைநழுவிப் போயிருந்தன. எண்ணிக்கையில் சிறுத்தவர்கள் முற்றாக விலகினால் பெரும்பான்மைக்கு அது தொல்லையே இல்லை, வசதி. கொல்லிமலை முழுவதும் ஒருநாள் வீட்டில் இருந்துவிட்டாலும் அடிவாரத்து வாக்கில் ஒருவர் ஜெயித்து வந்துவிடுவார். ஆகவே வீட்டிலிருக்கும் மறுப்பை நான் ஆதரிக்கவில்லை. சாவடிக்குப் போய் மறுப்பது வேறு. அதனால் வேட்பாளர் தோற்பதில்லை. நோட்டா முதலிடம் பிடித்தாலும் அடுத்து வருபவரே வென்றவர் என்பதுதான் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களின் விதி. என்றாலும் எண் பதிவாகிறது, எந்தச் சாவடியில் எத்தனை பேர் என்பது வரை. எண்ணை மட்டுமே மதிக்கும் கட்சிகளுக்குப் புரிகிற மொழி அது ஒன்றுதான்.

எண்ணாக மாறிய மறுப்பும் எப்போதும் பலன் தருவதில்லை என்பதற்கு மொடக்குறிச்சி சாட்சி. 1996 சட்டமன்றத் தேர்தலில் விவசாயிகள் தங்கள் குறைகளைக் காட்ட அலையலையாக மனுத் தாக்கல் செய்து, 1,033 பேர் களத்தில் நின்றார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டியிருந்தது, தேர்தலும் தள்ளிப்போயிற்று. அதே ஆண்டு, அன்றைய ஆந்திரத்தின் நல்கொண்டாவில் ஃபுளோரைடு தண்ணீரால் வதைபட்டவர்கள் 480 பேரை நிறுத்தினார்கள். தில்லியின் பதில் வைப்புத்தொகையை ஏற்றியது. சட்டமன்றத்துக்கு 250 ரூபாயாக இருந்தது 5,000 ஆயிற்று; பழங்குடி வேட்பாளருக்கு 125 இருந்தது 2,500. கதவைத் தட்டியவர்களுக்குக் கதவின் உயரத்தைக் கூட்டியது போலாயிற்று.

இன்னோர் ஆட்சேபம் எனக்கே கவலை தருவது. ஊர் கூடி எடுக்கும் புறக்கணிப்பில் தனி மனிதருக்கு இடம் எங்கே? 1996 தொடங்கிப் பத்தாண்டுகள் மதுரை மாவட்டத்துப் பாப்பாப்பட்டியிலும் கீரிப்பட்டியிலும் ஊராட்சித் தேர்தலை ஒழுங்காக நடக்கவிடாமல் செய்தது சலிப்பு அல்ல. தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதைப் பொறுக்காத ஆதிக்கச் சாதியின் பலம். 2006இல்தான் அது முறிந்தது. நாட்டார், ஊர்க்கவுண்டர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வளர்ந்த மலை ஊர்களிலும் கூட்டு முடிவு ஒரு பெண்ணின், ஓர் இளைஞரின் விருப்பத்தை நசுக்கலாம். இதனால்தான் கறுப்புக்கொடி கட்டிய புறக்கணிப்பைவிட ரகசியமான நோட்டா எனக்கு மேலாகப் படுகிறது. ஊரோடு மறுக்கலாம், ஊரையும் மறுக்கலாம்.

அந்த ரகசிய மறுப்பின் வசதி மலைக்கு மிக நெருங்கிய ஊராட்சித் தேர்தலில் இல்லை. தமிழ்நாட்டில் பழங்குடிகள் பெரும்பான்மையாக வாழும் மலை எதுவும் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதியாக அறிவிக்கப்படவில்லை. அதனால், அத்தகைய பகுதிகளின் கிராம சபைகளுக்கு அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டின் பெசா சட்டம் கொல்லிமலைக் கிராம சபைகளுக்குப் பொருந்தாது. மலை தன்னைத்தானே ஆள மிச்சமிருப்பது ஊராட்சி ஒன்றுதான். கட்சிச் சின்னம் இல்லாமல் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் அந்த வாக்குச்சீட்டில் நோட்டாவுக்கு இடமில்லை. தேர்தலே சில வேளை நடப்பதில்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் வாக்குப்பதிவு நடந்தது. இடையில் தனி அலுவலர்கள் ஆண்டார்கள். 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்களே வந்தார்கள். முதல் தாமதம் அதிமுக ஆட்சியில், இரண்டாவது திமுக ஆட்சியில். ஹரியானா மாநிலத் தேர்தல் ஆணையம் 2018இல், நகராட்சித் தேர்தலில் நோட்டா முந்தினால் மறுதேர்தல் என்று அறிவித்தது. அதே விதியை வளப்பூர் நாட்டுக்கும் வாழவந்தி நாட்டுக்கும் கொண்டுவரத் தமிழ்நாட்டு ஊராட்சி விதிகளைத் திருத்தினால் போதும். அதைச் செய்ய இரண்டு கட்சிகளில் எதற்கும் தில்லியின் அனுமதி தேவையில்லை.