வௌவாலும் வைரஸும்: ஒரு சின்ன வரலாறு

எங்க வடக்குப்பட்டுப் பக்கத்தில், வௌவால் தொங்கும் மரத்தைக் காட்டி "நிபா வருமாமே, வெட்டிடலாமா?" என்று கேட்பவர்கள் 2018-க்குப் பிறகு அதிகமாகிவிட்டார்கள். அதற்காகப் படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

கதை மலேசியாவில் தொடங்குகிறது. 1998-ல் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுவை விரட்டினார்கள். 1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் புது வைரஸைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிபா என்ற ஊரின் பெயரே அதற்கு வந்தது. 105 பேர் இறந்தார்கள். சுமார் பத்து லட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன. ஆனால் அந்த வைரஸின் சொந்த வீடு பன்றி இல்லை, பழந்தின்னி வௌவால்.

2001-ல் சிலிகுரியில் பரவியபோது, அது நிபாதான் என்று தெரியவே சில வருஷம் ஆனது. 2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா. முதலில் சோதித்த பூச்சிதின்னி வௌவால்களில் ஒன்றும் இல்லை. பிறகு புனே தேசிய வைரஸ் நிறுவனம் பழந்தின்னிகளில் அதைக் கண்டது.

சரி, மனிதனைக் கொல்லும் வைரஸ் வௌவாலை ஏன் விட்டுவிடுகிறது? பல நோய்களில் வைரஸைவிட, அதை எதிர்த்து நம் உடம்பு மூட்டும் அழற்சிதான் அதிகம் கெடுக்கிறது. வௌவால் இதில் வேறு மாதிரி. வைரஸை அடக்கும் இன்டர்ஃபெரான்-ஆல்ஃபா, தொற்று இல்லாதபோதும் அதன் உடம்பில் சுரந்துகொண்டே இருப்பதை 2016-ல் ஆஸ்திரேலியக் கருப்புப் பழந்தின்னியில் கண்டார்கள். அழற்சியைத் தூண்டும் 'ஸ்டிங்' புரதம் வௌவால்களில் வலுக்குறைந்தது என்று 2018-ல் தெரிந்தது. 2019-ல் சிங்கப்பூரில் லின்ஃபா வாங் குழு 'என்எல்ஆர்பி3' என்ற இன்னொரு தூண்டியும் அப்படித்தான் என்றது. காவலாளி எப்பவும் முழிச்சிருக்கான். திருடனைப் பிடிக்க வீட்டையே கொளுத்துவதில்லை. பறப்பதால் வரும் உடல் அழுத்தத்தைத் தாங்கத்தான் இந்தப் பழக்கம் வந்திருக்கும் என்று பலர் கருதுகிறார்கள். ஆனால் ரேபிஸ் வௌவாலையும் கொல்லும்.

இப்போ மரத்துக்கு வருவோம். ஆஸ்திரேலியாவில் காடு அழிந்து, பூ குறைந்து, வௌவால்கள் பட்டினி கிடந்த காலங்களை ஒட்டியே ஹெண்ட்ரா வைரஸ் குதிரைகளுக்கு அதிகம் தாவியது என்று 2022-ல் வெளியான ஆய்வு காட்டியது. நம் நாட்டிலோ 1972 வனவுயிர்ச் சட்டம் பழந்தின்னியை எலியோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்தது. 2022 திருத்தம்தான் அந்தப் பட்டியலையே நீக்கியது.

ஆகவே, கேட்பவர்களுக்கு என் பதில்: கடிபட்ட பழத்தைத் தொடாதீங்க, வௌவாலைப் பிடிக்காதீங்க. ஃபேக்டரியும் ரோடும் போக மிஞ்சியிருக்கும் மரத்தை வெட்டினால், வௌவால் ஒழியாது; பசியோடு நம் கொல்லைக்கு வரும்.