விருது ஒருவருக்கு, உழைப்பு பலருக்கு

1953 ஜனவரி 28 அன்று சங்கீத நாடக அகாதமியைக் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் தொடங்கி வைத்தார். இசை, நடனம், நாடகம் ஆகியவற்றில் நீண்டகாலம் உழைத்த கலைஞர்களுக்கு இந்திய அரசின் பெயரால் விருது வழங்கும் அமைப்பு அது. தோழர்களே, அந்த விருதின் வரலாற்றை நாம் சாதியின் வரலாற்றோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

1956இல் பாலக்காடு மணி ஐயர் அந்த விருதைப் பெற்றார். அவருடைய மேதைமையில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அவர் கையில் பேசிய மிருதங்கத்தைச் செய்தவர் யார்? தஞ்சாவூரின் பர்லாந்து. தலித் கிறித்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோலைத் தேர்ந்து, ஊறவைத்து, மயிர் நீக்கி, வார் இழுத்துக் கட்டி, கல்பொடியைச் சோற்றோடு பிசைந்து அடுக்கடுக்காகத் தேய்த்து நாதம் கொண்டுவருவது அவர்களின் தொழில். அதற்கும் கூர்மையான காது வேண்டும், சுருதி ஞானம் வேண்டும். வாசித்தவர் 'வித்வான்' ஆனார். செய்தவரோ 'வேலைக்காரர்' ஆகவே நின்றார். தோலைத் தொட்டவருக்குத் தீட்டு. அதே தோலை வாசித்தவருக்கு மேடை. இந்தக் கைவினைஞர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020இல் வெளிவந்தபோது, வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது.

பீகாரைப் பாருங்கள். பிகாரி தாக்கூரின் குழுவில் சிறுவனாகச் சேர்ந்து, பெண் வேடமிட்டு ஆடும் 'லவுண்டா நாச்' கலையில் வாழ்நாளைக் கழித்தவர் ராமசந்திர மாஞ்சி. தலித் கலைஞர். அவருக்கு அகாதமி விருது 2017ஆம் ஆண்டுக்குத்தான் கிடைத்தது. அப்போது அவர் தொண்ணூறைத் தொட்டிருந்தார். 2021இல் பத்மஸ்ரீ, மறு ஆண்டில் மரணம். வாழ்வின் கடைசிப் படியில் வந்த மரியாதை அது.

விருது வந்தாலும் சாதி விலகி நிற்பதில்லை. 2018இல் இளையராஜாவுக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. ஓர் ஆங்கில நாளேடு அதைத் தலித்துகளை ஈர்க்கும் முயற்சி என்று தலைப்பிட்டது. 1976 முதல் அவர் படைத்த இசை அந்தத் தலைப்பில் காணாமல் போனது.

2025இல் பறை ஆசான் மதுரை வேலு பத்மஸ்ரீ பெற்றார். நாம் மகிழ்ந்தோம். ஆனால் அதே பறையைச் சாவுக்கு அடித்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தப்பட்டவர்களின் வரலாறு ஒரு பதக்கத்தால் அழிந்துவிடாது.

விருது வேண்டாம் என்பதல்ல நம் வாதம். யாரைக் கலைஞர் என்று கொள்வது என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் நாமும் இருக்க வேண்டும் என்பதே. மாணவர்களே, உங்கள் ஊரில் அடிப்பவர், ஆடுபவர், தோல் கட்டுபவர் ஆகியோரின் பெயர்களையும் ஆசான்களையும் நுட்பங்களையும் அவர்கள் வாய்மொழியாகவே பதிவு செய்யுங்கள். பெயரே எழுதப்படாதவரை எந்தக் குழுவும் பரிந்துரைக்கப் போவதில்லை.