ஒரு காசு ஸ்டாம்பில் ஒரு பால்மரத் தொழிலாளி



கவிதை எழுதச் சொன்னால் நம் பிள்ளைகள் நிலாவையும் ரோஜாவையும் தேடிப் போகிறார்கள். எனக்குக் கவிதை கிடைத்த இடம் ஒரு பழைய பிஸ்கட் டின். வீடு மாறும்போது அலமாரி மேலிருந்து இறங்கியது. உள்ளே, பள்ளி நாளில் நான் சேர்த்த தபால் தலைகள். ஆண்டு பார்த்து மேசைமேல் அடுக்கினேன்; நாட்டுச் சரித்திரமே வரிசையில் வந்து நின்றது.

என்னிடம் இல்லாத ஸ்டாம்பிலிருந்தே தொடங்குகிறேன். (அதன் விலை அப்படி!) பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் 1867 ஏப்ரல் 1 வரை இந்திய நிர்வாகத்தின் கீழ் இருந்தன. பிரிந்த பிறகும் சொந்தத் தபால் தலை தயாராகவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் இந்திய ஸ்டாம்பின் மேலேயே கிரீடத்தையும் காசு விலையையும் அச்சடித்து விற்றார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த நம் முன்னோர்கள் கதையும் அதுதானே! உருவம் இந்தியாவினுடையது, மேலே விழுந்த முத்திரை மலாயாவினுடையது.

பிறகு புலி வந்தது. 1890-களில் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான் ஸ்டாம்புகளில் பாய்ந்த புலி, 1900-க்குப் பின் கூட்டு மலாய் மாநிலங்களின் ஸ்டாம்பிலும் பாய்ந்தது. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தவை 22 ரப்பர் கன்றுகள். 1896-இல் மலாக்காவில் தோட்டம் போட்டார்கள். அப்புறம் காடுகள் மளமளவென்று விழுந்தன. வெட்டியவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர்! ஆனால் ஸ்டாம்பில் புலிதான் இருந்தது. பால்வாளி தூக்கியவன் இல்லை.

என் டின்னில் அவனை நான் முதலில் கண்டது ஜப்பான்காரன் காலத்து ஸ்டாம்பில். 1942-இல் அவர்கள் பழைய மலாயா ஸ்டாம்புகளின் மேல் ‘2602’ என்று தங்கள் ஆண்டுக் கணக்கை அச்சடித்தார்கள். 1943-இல் சொந்தமாகவே படம் போட்டு வெளியிட்டார்கள். அதில் மிகக் குறைந்த விலை 1 காசு. படம், ரப்பர் மரம் சீவும் காட்சி!

அந்த 1943-இல் தோட்டங்களில் என்ன நடந்தது? வாங்க ஆளில்லாமல் ரப்பர் தேங்கிக் கிடந்தது. பால் வெட்டிய கைகளை ரயிலேற்றிச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் மரண ரயில் பாதை அந்த அக்டோபரில் முடிந்தது; போன நம்மவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. “வேலைக்குன்னு கூப்பிட்டாங்க, போனாரு, அவ்வளவுதான்” என்று நம் பாட்டிமார் சொல்லி முடித்துவிடுவார்கள். இந்தியாவுக்குக் கடிதம் போடவும் வழியில்லை. ஸ்டாம்பில் படம் இருக்கிறது. படத்தில் இருப்பவன் வீட்டுக்கு ஒரு வரி எழுத முடியாது. இதை நினைத்த இரவில் எழுதியது:

ஒரு காசுக்கு உன்னை அச்சடித்தார்கள்,
ஊருக்கு உன் கடிதம் போகவில்லை.
மரத்தடியில் மங்கு காத்திருக்கிறது,
சயாமுக்குப் போனவன் திரும்பவில்லை.

இலக்கணப் புலவர்கள் குறை சொல்லலாம். சொல்லட்டும்.

1957 ஆகஸ்ட் 31-இல் வந்த 10 காசு ஸ்டாம்பில் துங்குவும் விடுதலையை வரவேற்கும் மக்களும் இருக்கிறார்கள். 1975-இல் ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் 50-ஆம் ஆண்டுக்கு வந்த ஸ்டாம்புகளில் பால் வெட்டும் காட்சியும் மங்கும் மறுபடி வந்தன. இவற்றைப் பற்றியும் மாணவர்கள் எழுதலாம்.

ஊரிலிருந்து வந்த கடிதங்களில் கிழித்த இந்திய ஸ்டாம்புகளும் என்னிடம் உண்டு. வள்ளுவருக்கும் பாரதியாருக்கும் இந்தியா 1960-இல் 15 காசு ஸ்டாம்பு வெளியிட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் பாரதியின் தலைப்பாகையைப் பாடப் புத்தகத்துக்கு முன்பே உறையின் மூலையில் பார்த்திருப்பார்கள்.

வீட்டில் பழைய கடிதம் இருந்தால், தயவுசெய்து ஸ்டாம்பை மட்டும் நனைத்து உரிக்காதீர்கள். உறையோடு வையுங்கள். உறைமேல் தோட்டத்தின் பெயரும், பக்கத்து டவுன் தபாலாபீஸின் முத்திரையும் தேதியும் இருக்கும். எத்தனையோ தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் போய்விட்டன. தாத்தா எந்த லயத்தில் இருந்தார் என்று பேரப்பிள்ளை கேட்டால், எடுத்துக் காட்ட அந்த உறை ஒன்றுதான் இருக்கும்.