நாணின் தேய்மானம்: பெரம்பலூர் – அரியலூர் நிலப்பகுதியை முன்வைத்து வில்நாண் நார்களின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

தமிழகப் படைக்கல வரலாறு வில்லையும் அம்பையும் பற்றி விரிவாகப் பேசுகிறது. இரண்டையும் இணைக்கும் நாணைப் பற்றி அரிதாகவே பேசுகிறது. நாண் மட்கும் பொருள் என்பது மட்டும் இதற்குக் காரணமன்று. அதனைத் தேய்ந்து மாற்றப்படும் பொருளாக ஆய்வாளர் கருதாததும் காரணமாகும். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் புன்செய் நிலத்தில் விளையும் மரல், எருக்கு, சணப்பு ஆகிய நார்ச்செடிகளையும், அவற்றின் வலிமை பற்றிய 19ஆம் நூற்றாண்டுச் சோதனையையும், இலக்கிய, கல்வெட்டுச் சான்றுகளையும் இணைத்து நோக்கும் இக்கட்டுரை, நாணுக்கான நார்த் தேர்வை முடிவு செய்தது வலிமை மட்டுமன்று, மாற்றிக்கொள்ளும் எளிமையும் ஆகும் என வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: நாண், மரல், எருக்கு, சணப்பு, வில்லிகள், கங்கைகொண்ட சோழபுரம்

முன்னுரை

வில்லின் தண்டு பல ஆண்டுகள் உழைக்கும். அம்பின் முனை இரும்பாயின் நூற்றாண்டுகள் மண்ணுள் கிடக்கும். நாண் மட்டும் ஒவ்வோர் எய்தலிலும் சிறிது சிறிதாக இறக்கிறது. ஒரு வில்லாளன் தன் வாழ்நாளில் சில விற்களையே கையாண்டிருப்பான். எத்தனை நாண்களை அறுத்து எறிந்திருப்பான் என்பதை எந்த ஆவணமும் எண்ணி வைக்கவில்லை. ஆயினும் வில்லுடைய படையைப் பேணிய எந்த அரசும் முதலில் எதிர்கொண்டிருக்க வேண்டிய சிக்கல் இதுவே.

சான்றுகளின் இயல்பு

சங்க இலக்கியத்தில் நாண் பெரும்பாலும் ஒலியாகவும் செயலாகவும் வருகிறது. ஏற்றுதல், பூட்டுதல், இறக்குதல் எனும் வினைகள் அதனைச் சுற்றி அமைந்துள்ளன. வில்லின் இரு முனைகளிலும் நாணின் கண்ணியைத் தாங்கும் வெட்டிற்குக் குதை என்று பெயர். விரலுக்குப் புட்டிலும் முன்கைக்குக் கோதையும் இருந்தன. இவை இரண்டும் தோலால் ஆன காப்புகள். இச்சொற்கள் ஒரு செய்தியை மறைமுகமாக உணர்த்துகின்றன: நாண் தானும் தேயும், தன்னைத் தொடும் உடலையும் தேய்க்கும். செல்வக்கடுங்கோ வாழியாதனின் கை வன்மையுற்றதற்குக் கபிலர் புறநானூற்றின் 14ஆம் பாடலில் கூறும் காரணங்களுள் வில்லை வலித்தலும் ஒன்று. மகாபாரதத்தின் விராட பருவத்தில் பிருகந்நளையாக மறைந்து வாழும் அருச்சுனன், இரு கைகளிலும் உள்ள நாண்தழும்புகளை வளையல்களால் மறைக்கிறான். வில்லாளனை அடையாளம் காட்டியது நாண் விட்டுச்சென்ற வடுவே என்பது இங்கு நோக்கத்தக்கது.

சிற்பச் சான்று இதனினும் குறைவாகவே பேசுகிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் இரண்டாம் நிலையில் திரிபுராந்தகர் மீண்டும் மீண்டும் வில்லுடன் இடம்பெறுகிறார். சோழர் காலத் திரிபுராந்தகச் செப்புத்திருமேனிகளிலோ வில்லும் இல்லை; வில் பிடிக்கும் கையமைதி மட்டும் எஞ்சியுள்ளது. வில் தொலைந்த இடத்தில் நாணைத் தேடுவது வீண்.

நூல்கள் கூறும் நார்கள்

கௌடலியரின் அர்த்தசாத்திரம் படைக்கலச் சாலை பற்றிய இயலில் நாணுக்குரிய பொருள்களை நிரல்படக் கூறுகிறது. மூர்வை, எருக்கு, சணம், கவேது எனும் புல்வகை, மூங்கில், விலங்கின் நரம்பு ஆகிய ஆறும் அதில் அடங்கும். ஐந்து தாவர நார்; ஒன்றே விலங்குப் பொருள். இவ்விகிதம் தென்னாட்டுக் காலநிலைக்கும் பொருந்துவதே. நரம்பு ஈரத்தில் ஊறித் தளரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நரம்பு நாணை நம்பி வெளியேறும் வேட்டுவன் வெறுங்கையுடன் திரும்ப நேரும். (நார் நாணும் நனைந்தால் முற்றிலும் தப்புவதில்லை. 1346ஆம் ஆண்டு கிரெசிப் போரில் மழையில் நனைந்து ஜெனோவா வில்லாளரின் நாண்கள் பயனற்றுப்போயின எனப் பிரெஞ்சு வரலாற்றுக் குறிப்பொன்று கூறுவது நினைவுகூரத்தக்கது.)

மூர்வை எது என்பதில் தாவரவியலார் கருத்து ஒன்றுபடவில்லை. மரல் எனும் கற்றாழை போன்ற செடியே அது என்பது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்திலும் சோழமண்டலக் கரையிலும் பணியாற்றிய ஐரோப்பியர் கொண்ட முடிவு. மார்ஸ்டெனியா இனத்துக் கொடியே மூர்வை என்போரும் உளர். ஐரோப்பிய வணிக உலகில் மரலுக்கு 'வில்நாண் சணல்' எனும் பெயரே நிலைத்துவிட்டது. தமிழ் மரபில் மரல் நாராகப் பயன்பட்டதற்கு ஐயமற்ற சான்று மலைபடுகடாத்தில் உள்ளது. ஆனால் அங்கு அந்நார் கட்டுவது நாணை அன்று, பூவும் தளிரும் விரவிய கண்ணியை. ஐரோப்பியர் இட்ட பெயரைக் கொண்டு சங்ககால நாண் அனைத்தும் மரல்நாரே என முடிவுகட்டுவது ஆய்வுநெறிக்குப் பொருந்தாது. வட்டார ஆய்வுகள் சிலவற்றில் இப்பிழை நுழைந்திருக்கிறது.

வைட்டின் சோதனை

இச்சிக்கலில் வெளிச்சம் தருவது வேறொரு நோக்கில் செய்யப்பட்ட சோதனை. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய தாவரவியலார் ராபர்ட் வைட் உள்நாட்டு நார்களால் முறுக்கிய கயிறுகள் எவ்வளவு எடை தாங்கி அறுகின்றன என்று அளந்தார். கப்பற் கயிற்றுக்கு இரசியச் சணலின் மாற்றைத் தேடிய காலம் அது. ஜான் ஃபோர்ப்ஸ் ராயில் 1855இல் வெளியிட்ட இந்திய நார்த்தாவரங்கள் பற்றிய நூலில் இவ்வளவுகள் இடம்பெற்றன. தேங்காய்நார் 224 பவுண்டு, புளிச்சை 290, மரல் 316, பருத்தி 346, ஆனைக்கற்றாழை 362, சணப்பு 407, எருக்கு 552 என்பன அவை.

வில்நாண் எனும் பெயரைச் சுமக்கும் மரல் கீழிருந்து மூன்றாம் இடத்தில் நிற்கிறது. பருத்திக்கும் கீழே! எருக்கின் வலிமை மரலைப்போல் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு. வலிமையே அளவுகோல் என்றால் வில்லாளர் அனைவரும் எருக்கையே நாடியிருக்க வேண்டும். மரலுக்கு அப்பெயரே வாய்த்திருக்காது.

விடை நாரெடுக்கும் முறையில் உள்ளது. மரலின் மடலை ஒரு பலகையில் வைத்து மழுங்கிய கருவியால் வழித்தால் சோறு நீங்கி நீண்ட, நேரான, வழவழப்பான நார் உடனே கிடைக்கும். ஓர் ஆள் ஒரு முற்பகலில் நாணுக்கு வேண்டியதைத் திரட்டிவிடலாம். எருக்கு அவ்வாறன்று. அதன் தண்டைத் தண்ணீரில் ஊறவைத்தால் நார் கெடும். வாடவிட்டு, பட்டையை உரித்து, நாரைக் கையாலேயே பிரிக்க வேண்டும். சில இடங்களில் பல்லாலும் பிரித்தனர். கிடைக்கும் நார் பட்டுப்போல் மென்மையும் வலிமையும் உடையது, ஆனால் கூலி மிகும். வசிட்டர் பெயரால் வழங்கும் தனுர்வேதம் எருக்கின் பட்டையைப் புரட்டாசியை ஒட்டிய மாதத்தில் எடுப்பதே சிறப்பு எனப் பருவமும் குறிக்கிறது. சணப்பு இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. அதனை விதைத்து, அறுத்து, ஊறவைத்து, அடிக்க வேண்டும். உழவனின் துணை இன்றி அது இல்லை.

பெரம்பலூரின் கரிசல் மேடுகளிலும் அரியலூரின் சுண்ணாம்புக்கல் நிலத்திலும் எருக்கு ஏராளம். புதர்க்காடுகளின் நிழலில் மரல் திட்டுத்திட்டாகப் படரும். கொள்ளிடக் கரையை ஒட்டிய நன்செய்ப் பகுதிகள் சணப்புக்கு ஏற்றவை. மேற்கே பச்சைமலை, அதற்கும் மேற்கே, ஒரே அம்பால் பல விலங்குகளை வீழ்த்தியவனாக வன்பரணர் பாடிய வல்வில் ஓரியின் கொல்லிமலை. ஒரு நாள் நடைக்குள் மூவகை நாரும் கிட்டும் நிலம் இது.

தேய்மானத்தின் இயல்பு

நாண் எங்கே அறும்? நடுவில் இழுத்துப் பிடிக்கும் இடத்தில் விரலும் அம்பின் கவையும் உராய்கின்றன. இரு முனைகளில் குதையின் விளிம்பு கண்ணியை அரைக்கிறது. இவ்விரு இடங்களுக்கும் காப்பாகத் தனிநூலால் நெருக்கிச் சுற்றுவதும், தேன்மெழுகு தேய்ப்பதும் உலகெங்கும் வில்லாளர் கைக்கொண்ட முறைகள். மெழுகு ஈரத்தைத் தடுப்பதோடு இழைகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்து உள்ளுராய்வைக் குறைக்கிறது.

இங்கு ஒரு முரண் உண்டு. வலிய நாரால் நாண் முறுக்கினால் குறைந்த இழைகள் போதும்; நாண் மெலியும், எடை குறையும், அம்பு விரையும். ஆனால் இழைகள் குறையுந்தோறும் ஒவ்வோர் இழையின் இழப்பும் பெரிதாகிறது. 20 இழையுள்ள நாணில் ஒன்று அறுந்தால் வலிமையில் இருபதில் ஒரு பங்கு போகும். 12 இழையுள்ள நாணில் அதே இழப்பு பன்னிரண்டில் ஒரு பங்கு. வலிமையற்ற நாரின் தடித்த நாண் மெதுவாகச் சாகும். வலிய நாரின் மெல்லிய நாண் முன்னறிவிப்பின்றி அறும். கர்ண பருவத்தில் அளவுக்கு மிஞ்சி இழுக்கப்பட்ட காண்டீபத்தின் நாண் பேரொலியுடன் அறும் நிகழ்ச்சியைக் கற்பனை எனத் தள்ள வேண்டியதில்லை. போர்க்களத்தில் அது நடக்கக்கூடியதே.

இன்றைய காம்பவுண்ட் வில்லில் இதே சிக்கல் வேறு உருவில் தொடர்கிறது. அமெரிக்காவின் மிசௌரியைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த இவ்வில்லில் முனைகளில் சக்கரங்கள் உள்ளன. நாணோடு வடங்களும் ஓடுகின்றன. மரபு வில்லை எய்து முடித்ததும் நாண் இறக்கி ஓய்வளிக்கலாம். காம்பவுண்ட் வில்லுக்கு அந்த ஓய்வு இல்லை. அதன் நாணும் வடமும் இரவுபகலாக இழுவிசையில் நிற்கின்றன. முழுதும் இழுத்த நிலையில் கைக்கு வரும் சுமை குறைகிறது, ஆனால் வடத்தின் சுமை அப்போதுதான் உச்சத்தை அடைகிறது. டைனீமா போன்ற செயற்கை இழைகள் எருக்கினும் பன்மடங்கு வலியவை. எனினும் நீண்ட நாள் இழுவிசையில் அவை மெல்ல நீள்கின்றன. வெக்ட்ரான் நீளாது, உராய்வில் எளிதில் பிசிறும். எனவே இரண்டையும் கலந்து முறுக்குகின்றனர். வடம் சிறிது நீண்டாலும் இரு சக்கரங்களின் சுழற்சி ஒத்திசையாது. அம்பு குறி தவறும். மெழுகிடுதல், பிசிறு பார்த்தல், ஓர் இழை அறுந்தாலும் முழுவதையும் மாற்றுதல் ஆகியவை இவ்வில்லைப் பேணும் நெறிகள். மாற்றுவதற்குத் தண்டுகளை அழுத்திப் பிடிக்கும் தனிப்பொறி வேண்டும். காட்டில் நின்று முழங்காலால் வளைத்து நாண் பூட்டிய வேட்டுவனின் தற்சார்பு இங்கு இல்லை. 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் இந்தியாவில் இது விளையாட்டுக் கருவி மட்டுமே. 2023இல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்ட் பிரிவின் ஐந்து தங்கங்களையும் இந்தியர் வென்றனர்.

வில்லிகளும் நார் வழங்கலும்

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இடம்பெறும் படைப்பிரிவுகளுள் பண்டிதசோழத் தெரிந்த வில்லிகள் எனும் பெயர் உண்டு. தெரிந்த எனும் அடை தேர்ந்தெடுக்கப்பட்ட எனப் பொருள்படும். பண்டிதசோழன் என்பது, இன்றைய அரியலூர் மாவட்டத்தில் கங்கைகொண்ட சோழபுரத்தை எழுப்பிய முதலாம் இராசேந்திரனின் பெயர்களுள் ஒன்று. வில்லை மட்டுமே அடையாளமாகக் கொண்ட நிலைப்படை ஒன்று இருந்தது என்பது இதனால் உறுதி. வேட்டுவன் தன் நாணைத் தானே முறுக்குவான். நிலைப்படைக்கு நாண் முறுக்குவோர் வேறு, எய்வோர் வேறாக இருந்திருத்தல் இயல்பு. பயிற்சியிலேயே தேயும் நாண்களுக்கு ஆண்டு முழுதும் நார் வந்துகொண்டிருக்க வேண்டும். விதைத்து அறுக்கும் சணப்பும் வழித்தால் கிடைக்கும் மரலுமே அத்தகைய அளவுக்கு ஈடுகொடுப்பவை; எருக்கு நாண் சிறந்த வில்லாளரின் தனி உடைமையாக இருந்திருக்கும் என்று கொள்வதே பொருத்தம். கோயில் நிவந்தங்களில் நெய்யின் அளவையும் கற்பூரத்தின் அளவையும் நுணுகி ஆராய்ந்த வரலாற்றாசிரியர் நாரைக் கேட்காமல் விட்டது வியப்பே.

துப்பாக்கி வந்தபின் போர்வில் மறைந்தது. 1751இல் ரஞ்சன்குடிக் கோட்டையை ஒட்டி நடந்த வாலிகண்டபுரப் போர் பீரங்கிகளின் போர். ஆயினும் நாண் பிழைத்தது. பருத்தி விளையும் இக்கரிசல் நாட்டில் பஞ்சடிக்கும் வில்லாகவும், தச்சரின் துறப்பணத்தைச் சுழற்றும் வாராகவும், தினைப்புனத்துப் பறவைகளை ஓட்டும் சுண்டுவில்லாகவும் அது நீடித்தது. இக்கருவிகளின் நாண் எத்தனை நாள் உழைக்கும், எப்போது மாற்றப்படும் என்பதை அறிந்த முதியோர் குறைந்து வருகின்றனர்.

துருவினுள் நார்

மண்ணில் நார் எஞ்சாது எனும் பொதுக்கருத்துக்கு ஒரு விலக்கு உண்டு. இரும்பு துருப்பிடிக்கும்போது அதனை ஒட்டியிருந்த நாரின் வடிவத்தைத் துருவே அச்செடுத்துக்கொள்ளும். அம்பின் தண்டோடு முனையைக் கட்டிய நார் இவ்வாறு உருவமாக எஞ்சலாம். கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டு அகழாய்வுகளில் ஆணிகள் முதலான இரும்புப் பொருள்கள் பல கிடைத்துள்ளன. இத்தகைய பொருள்களை அருங்காட்சியகத்திற்கு ஏற்பத் துரு நீக்கித் தூய்மை செய்வதற்கு முன் நுண்ணோக்கியில் பார்ப்பது இன்றியமையாதது. மடல்நாரான மரலையும் பட்டைநாரான எருக்கு, சணப்பு ஆகியவற்றையும் குறுக்குவெட்டால் பிரித்தறிய இயலும். கட்டுநாரைக் கொண்டு நாணை நேரே நிறுவிவிட முடியாது. ஒரே பட்டறையில் ஒரே நார் இரண்டிற்கும் பயன்பட்டிருக்கலாம் என்ற அளவில்தான் அது சான்றாகும். துரு நீக்கப்பட்ட இரும்பிலோ அந்தச் சான்றும் இராது.