வரைபலகையும் மடிக்கணினியும்

மாத்தூர் தொட்டிப் பாலத்தைப் பார்க்காத குமரி மாவட்டத்துக்காரர் குறைவு. பறளியாற்றின் குறுக்கே 28 தூண்கள், 115 அடி உயரம். 1966-ல் வேலை முடிந்தது. அந்தப் பாலத்துக்கான ஒவ்வொரு கோடும் மனிதர் கையால் போட்டது. 1906-ல் முடிந்த பேச்சிப்பாறை அணையும் அப்படித்தான். மரப்பலகை, டி-ஸ்கொயர், காம்பஸ், மை. அவ்வளவுதான் கருவி.

இன்று அதே கோடுகளைப் போடப் பிள்ளைகளுக்குக் கணினி வேண்டியிருக்கிறது. பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கும் பிள்ளை இருக்கும் வீடுகளில் ஜூன் மாதம் வந்தால் இதே பேச்சு. ஆட்டோகேட் போட லேப்டாப் வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும்? கடையில் சொல்லும் விலையைக் கேட்டுப் பலர் மலைத்துப் போகிறார்கள். இந்த வரைபட இயந்திரம் நம் கைக்கு வந்த கதை தெரிந்தால் அந்த மலைப்பு கொஞ்சம் குறையும் என்று நினைக்கிறேன்.

நான் எழுபதுகளில் எழுத்தராகச் சேர்ந்த அலுவலகத்தில் படம் வரைபவர்களுக்குத் தனி அறை உண்டு. வெளிச்சம் நன்றாக விழும் அறை. ட்ரேசிங் பேப்பரில் கறுப்பு மையால் வரைவார்கள். கோடு தவறினால் சவர பிளேடால் மெல்லச் சுரண்டி எடுக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் தாள் கிழிந்துவிடும். அமோனியா பிரிண்ட் எடுக்கும் நாளில் வராந்தாவில் நிற்க முடியாது, கண் எரியும். மேலதிகாரி ஒரு மதகின் அகலத்தை அரை அடி மாற்றினால், சில சமயம் படம் முழுவதையும் புதிதாகப் போட வேண்டிவரும். "படம் தயாராகவில்லை" என்று எத்தனை கடிதங்களுக்குப் பதில் தட்டச்சு செய்திருப்பேன்!

பள்ளியில் நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். மை தொட்டுக் கோடு போடும் இரட்டை அலகுப் பேனாவை அங்கே 'தீர்-லீஞ்' என்போம். இங்கே வந்தபிறகு அதற்கு 'ரூலிங் பென்' என்று பெயர். பெயர் மாறினாலும் சட்டையில் மை கொட்டுவது மாறவில்லை.

மாத்தூர் பாலம் முடிவதற்கு மூன்று வருஷம் முன்பே, 1963-ல், அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் என்ற ஆராய்ச்சி மாணவர் கணினித் திரையில் ஒளிப்பேனாவால் தொட்டுப் படம் வரைந்து காட்டிவிட்டார். அவருடைய நிரலுக்கு 'ஸ்கெட்ச்பேட்' என்று பெயர். ஆனால் அதற்கு அவர் பயன்படுத்திய கணினி ஓர் அறையை அடைத்துக்கொண்டது. தனிமனிதர் யாரும் வாங்குகிற பொருள் அல்ல.

அதே காலத்தில் பிரான்சில் கார் கம்பெனிகளுக்கு வேறு தலைவலி. நேர்கோட்டையும் வட்டத்தையும் கணக்கில் எழுதலாம். காரின் முன்பக்க வளைவை எப்படி எழுதுவது? சிற்றோயன் கம்பெனியில் போல் தெ காஸ்தெல்ஜோ 1959-லேயே வழி கண்டார். கம்பெனி அதை வெளியே சொல்லாமல் பூட்டி வைத்துக்கொண்டது. ரெனோ கம்பெனியில் பியேர் பெசியே அதே வளைவுக்குத் தனியாக வந்து சேர்ந்தார், எழுதி வெளியிட்டார். பெயர் அவருக்கே போயிற்று. நம் பிள்ளைகள் 'பெசியர் கர்வ்' என்கிறார்களே, அது இவர்தான். எங்கள் பழைய வாத்தியார் கேட்டால் உச்சரிப்புக்காக முட்டி போட வைப்பார். இன்று கணினியில் நீங்கள் பார்க்கும் தமிழ் எழுத்துகளின் வளைவுகளும் அதே கணக்கால் வரைந்தவைதான்.

பிறகு தசோ விமானக் கம்பெனியார் 'கத்தியா' என்ற முப்பரிமாண மென்பொருளை உருவாக்கினார்கள். 1994-ல் முதலில் பறந்த போயிங் 777 விமானத்தையே அதில்தான் வடிவமைத்தார்கள். இதெல்லாம் ஆனை கட்டித் தீனி போடும் சமாச்சாரம்.

ஏழைக்கு வழி திறந்தது 1982-ல். ஜான் வாக்கரும் கூட்டாளிகளும் ஆட்டோடெஸ்க் என்ற கம்பெனியைத் தொடங்கி, மேஜைக் கணினியிலேயே ஓடும் ஆட்டோகேடை அந்த வருஷக் கடைசியில் காட்டினார்கள். விலை 1000 டாலர் அளவில். பெரிய கணினிக்காரர்கள் அதை விளையாட்டுப் பொருளாகத்தான் பார்த்தார்கள். ஆனால் வீட்டுப் பிளானும் பாலத்துப் பிளானும் வரையும் சாதாரணப் பொறியாளருக்கு அது போதும். கவனியுங்கள், அந்த நாள் கணினியின் நினைவகம் ஒரு மெகாபைட்டைக்கூட எட்டாது. அதன்பிறகு தட்டைக் கோட்டுப் படத்துக்குப் பெரிய இயந்திரம் தேவைப்பட்டதில்லை.

நம் மாநிலத்தில் 2011 செப்டம்பர் 15-ல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. ஏழை வீட்டில் முதல் கணினி அப்படித்தான் நுழைந்தது. அதை வைத்து வரைபடம் பழகி வளைகுடா போன பையன்களை எனக்குத் தெரியும். இடையில் திட்டம் நின்றது. 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு வருஷத்தில் மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக அறிவித்தார்கள்.

அந்த ஜூனில் எங்கள் தெருவில் டைல்ஸ் வேலை செய்யும் ஒருவர் வந்தார். மகள் பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். "சார், பிள்ளைக்கு கேம் ஆடுத லேப்டாப்தான் சரிவரும்னு கடையில சொல்லுதாவ. ஒரு லட்சம் பக்கம் ஆகும். அவ அம்மைக்க செயினப் பணயம் வச்சிரலாம்னு இருக்கேன்" என்றார். அரசு லேப்டாப் வரும்வரை பொறுக்கப் பிள்ளைக்கு நேரமில்லை.

பிள்ளையைக் கூப்பிட்டேன். "மக்களே, காலேஜில என்ன போடுதீங்க?" "ஆட்டோகேட்தான் தாத்தா, வீட்டுப் பிளான். கடைசி வருஷம் கொஞ்சம் ரெவிட் வரும்." எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் கட்டட வரைபடத் தொழிலில் இருக்கிறார். அவரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டோம். தட்டைப் படத்துக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம். அந்தக் கார்டுக்குத்தான் கடைக்காரர் பாதி விலை சொல்கிறார். ராம் 8 ஜிபி இருந்தால் ஓடும், ரெவிட்டுக்கு 16 வேண்டும். ஆகவே பின்னால் ராம் கூட்டிக்கொள்ள இடம் உள்ள மாடலாகப் பார்க்க வேண்டும். ஹார்டு டிஸ்க் பழைய சுழலும் வகையாக இல்லாமல் எஸ்.எஸ்.டி. ஆக இருக்க வேண்டும். ரெவிட் விண்டோஸில்தான் ஓடும். ஆட்டோகேட் மாணவர்களுக்கு இலவசம், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். லிப்ரேகேட், ஃப்ரீகேட் எல்லாருக்கும் எப்போதும் இலவசம்.

கம்பெனிகள் மூன்று நாலு வருஷம் ஓட்டிவிட்டுக் கழிக்கும் லேப்டாப்புகள் பழைய விலைக்குக் கிடைக்கின்றன. உடம்பு கனம், ஆனால் உழைக்கும். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமென்றால் இன்டெல் சிப் எட்டாம் தலைமுறைக்குக் குறையக் கூடாது. அதனால் "ஐ-7 சார், சூப்பர்" என்று கடைக்காரர் சொன்னாலும் எந்தத் தலைமுறை என்று கேட்க வேண்டும். ஆறாம் தலைமுறை ஐ-7-ஐவிடப் பத்தாம் தலைமுறை ஐ-5 இந்தப் பிள்ளைக்கு மேல்.

அப்படி ஒன்று, 16 ஜிபி ராமோடு, முப்பதாயிரத்துக்குள் அமைந்தது. ஆறு மாத வாரண்டியைப் பில்லில் எழுதி வாங்கினோம். செயின் கழுத்திலேயே இருக்கிறது. பேட்டரிதான் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. மாற்ற இரண்டாயிரத்துச் சொச்சம் சொல்கிறார்கள். தீபாவளிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்கிறார்கள்.