மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்: யாழ்ப்பாணத்துக் கராஜ்களின் எழுதப்படாத வரலாறு

யாழ் குடாநாட்டின் அண்மைக்கால வரலாற்றை எழுத முற்படுவோர் போர்களையும் ஒப்பந்தங்களையும் இடப்பெயர்வுகளையும் ஆண்டுவாரியாகப் பதிவு செய்கின்றனர். அது அவசியமான பணியே. ஆயினும் அந்த ஆண்டுகளில் நோயாளிகளை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றது எது, மணமக்களைக் கோயிலடிக்கு அழைத்து வந்தது எது என்ற கேள்விகளுக்கு அந்நூல்களில் விடை கிடைப்பதில்லை. விடை எளியது. ஐம்பதுகளில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஒஸ்ரின், மொறிஸ் கார்களே அவை. அவற்றை ஓட வைத்த கராஜ்காரர்களைப் பற்றி ஒரு பத்திரிகையாளன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவற்றை இங்கு பதிவு செய்ய விரும்புகின்றேன்.

இக்கார்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்த காலம் வேறு. மொறிஸ் மைனர் 1948இல் இலண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. அதனை வடிவமைத்தவர், பின்னாளில் மினி காரையும் படைத்த அலெக் இசிகோனிஸ். 1971 வரை ஏறத்தாழ 16 இலட்சம் மைனர்கள் தயாரிக்கப்பட்டன. ஒஸ்ரின் ஏ-40 சோமசெட் 1952 முதல் 1954 வரையும், அதன்பின் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் வரிசைக் கார்களும் வெளிவந்தன. அரசாங்க உத்தியோகத்தர், வைத்தியர், சட்டத்தரணி, மலாயன் பென்சனியர் எனப் பலரும் இவற்றை வாங்கினர். அவர்களுக்குப் பின்னர் அதே கார்கள் சந்திகளில் வாடகைக் கார்களாக நின்றன.

அறுபதுகளின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக மோட்டார் வாகன இறக்குமதியை அரசாங்கம் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வரும்வரை, இலங்கையில் இருந்த கார்களையே திருத்தித் திருத்தி ஓட்ட வேண்டியிருந்தது. ஆகவே போர் தொடங்குவதற்கு முன்னரே எமது கராஜ்காரர்கள் பற்றாக்குறையில் பயிற்சி பெற்றிருந்தனர் எனலாம்.

அவர்களுக்கு உதவியாக அமைந்த வரலாற்று நிகழ்வு ஒன்றும் உண்டு. 1952இல் ஒஸ்ரின் நிறுவனமும் மொறிஸ் கார்களைத் தயாரித்த நஃபீல்ட் நிறுவனமும் ஒன்றிணைந்து பிரித்தானிய மோட்டார் கூட்டுத்தாபனம் உருவானது. அதன் விளைவாக 'ஏ' வரிசை எனப்படும் சிறிய இயந்திரம் ஒஸ்ரின் ஏ-30, மொறிஸ் மைனர், பின்னர் மினி ஆகிய மூன்றிலும் இடம்பெற்றது. சற்றுப் பெரிய 'பி' வரிசை இயந்திரம் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜிலும் மொறிஸ் ஒக்ஸ்போர்டிலும் வந்தது. ஒக்ஸ்போர்டின் வழித்தோன்றலான இந்திய அம்பாசடர் காரும் நெடுங்காலம் இதே இயந்திரத்தையே கொண்டிருந்தது. ஓடாது கிடக்கும் ஒரு காரின் உதிரிப்பாகம் வேறு பெயர் கொண்ட இன்னொரு காரைக் காப்பாற்றும் நிலை இவ்வாறுதான் ஏற்பட்டது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றறி முதலிய பல பொருட்கள் வடக்கே செல்வதற்குத் தடை விதிக்கப்பட்டது. நாம் பத்திரிகையை மாணவர்களின் பயிற்சிக் கொப்பித் தாளில் அச்சிட்ட காலம் அது. கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து வந்த சிறிதளவு பெற்றோல் பொன்னைப் போல மதிக்கப்பட்டது. மட்டுப்படுத்தப்பட்ட அளவில் கிடைத்த எரிபொருள் மண்ணெண்ணெய் ஒன்றே. அதனையே காருக்கும் ஊற்றினர்.

பெற்றோல் இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுவது எப்படி என்று வெளிநாட்டில் வாழும் இளைய வாசகர்கள் கேட்கலாம். பெற்றோல் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகி விடும். மண்ணெண்ணெய் பெரும்பாலும் 150 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்திலேயே கொதிக்கும். எனவே குளிர்ந்த இயந்திரத்தை மண்ணெண்ணெயில் ஸ்ரார்ட் செய்ய முடியாது. சிறு போத்தலில் பாதுகாத்து வைத்த பெற்றோலைக் காபுரேற்றருக்கு விட்டு, ஸ்ரார்ட் செய்து, இயந்திரம் சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். இது யாழ்ப்பாணத்தின் புதுக் கண்டுபிடிப்பு அன்று. இங்கிலாந்தில் பெர்குசன் உழவு இயந்திரங்களின் ஒரு வகை இதே முறையில், மண்ணெண்ணெயை ஒத்த எண்ணெயில் ஓடியது. ஆனால் அவை அதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. எமது கார்கள் அவ்வாறல்ல.

பழைய கார்களால் மாத்திரம் இது முடிந்ததற்குக் காரணங்கள் உள்ளன. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் அளவு குறைவு. அழுத்தம் கூடிய புதிய இயந்திரத்தில் அது உரிய நேரத்துக்கு முன்னரே வெடித்துத் தட்டும். சோமசெட் போன்ற பழைய கார்களின் அழுத்த விகிதம் 7.2:1 மட்டுமே. அடுத்ததாக, 'ஏ' வரிசை இயந்திரத்தில் புகை வெளியேறும் குழாயும் எரிபொருட் கலவை உட்செல்லும் குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றையொன்று தொட்டவாறு அமைந்துள்ளன. புகைக்குழாயின் வெப்பம் மண்ணெண்ணெயை ஆவியாக்க உதவியது. மூன்றாவதாக, மைனரின் எஸ்.யூ. காபுரேற்றரில் கலவையைக் கூட்டவும் குறைக்கவும் அடியிலுள்ள ஒரு மரையைத் திருகினால் போதும். கையால் சுழற்றி ஸ்ரார்ட் செய்யும் கம்பியும் அக்கார்களில் இருந்தது. பற்றறி நலிந்திருந்த காலத்தில் அதன் அருமை பெரிது.

இதற்கான விலையையும் சொல்ல வேண்டும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி இறங்கி, இயந்திர எண்ணெயுடன் கலந்து அதனை நீர்த்துப் போகச் செய்யும். எண்ணெயை அடிக்கடி மாற்றாவிட்டால் பெயரிங்குகள் தேயும். ஆனால் மாற்றுவதற்கு எண்ணெயும் கிடைப்பது அரிது. பிளக்குகள் கரி பிடித்து நின்றுவிடும். சாரதி வழியில் இறங்கி, கழற்றித் துடைத்துப் பூட்டுவார். வீதியெங்கும் கண்ணெரிக்கும் புகை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நகர்ந்தபோது பெரும்பாலானோர் நடந்தும் சைக்கிளிலும் சென்றனர். முதியோரையும் நோயாளிகளையும் ஏற்றிக்கொண்டு அந்தச் சனநெரிசலில் ஊர்ந்த வாகனங்களிலும் இந்தப் புகை மணந்தது.

இதனை வெறும் சாதனைக் கதையாக எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. எமது மக்களின் கெட்டித்தனம் என்று மேடைகளில் புகழ்வது எளிது. எரிபொருள் மறுக்கப்பட்டதனால்தான் அந்தக் கெட்டித்தனம் தேவைப்பட்டது. கார் இடைவழியில் நின்றதால் வைத்தியசாலைக்குப் பிந்திச் சென்றவர்களும் இருந்தனர். அவர்களையும் சேர்த்து நினைவுகூர்வதே நேர்மையான வரலாறாகும்.

பழைய கார்களைக் குறைந்த செலவில் பேண விரும்பும் வாசகர்களுக்கு அந்தக் கராஜ்களின் அனுபவம் இன்றும் பயன்படும். முதலாவது, கிரீஸ். மைனரின் முன்சில்லுகளைத் தாங்கும் கீழ் மூட்டுகளுக்குக் காலந்தவறாது கிரீஸ் வைக்க வேண்டும். தவறினால் மரை தேய்ந்து, ஓடும்போதே சில்லு சரிந்துவிடும். இரண்டாவது, பிறேக். மைனரின் பிரதான பிறேக் சிலிண்டர் சாரதியின் காலடித் தளத்தின் கீழே ஒளிந்திருப்பதால் அதனைப் பலர் கவனிப்பதில்லை. அதன் றப்பர் வளையங்கள் மலிவானவை. மூன்றாவது, துரு. சோமசெட்டுக்குத் தனியான அடிச்சட்டம் உண்டு. மைனருக்கு உடலே சட்டம். அடிப்பகுதி துருப்பிடித்தால் காரே போய்விடும். கடற்காற்று வீசும் ஊரில் பெயின்ற் பூசுவதற்கு முன்னர் அடிப்பகுதியையே பார்க்க வேண்டும். நான்காவது, இலங்கையில் 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. கடினமாக ஓடும் பழைய இயந்திரங்களின் வால்வ் இருக்கைகள் இதனால் தேயக்கூடும். இயந்திரத்தைக் கழற்றும்போது கடினப்படுத்திய வளையங்களைப் பொருத்துவது நீண்டகால நோக்கில் செலவைக் குறைக்கும்.

இங்கிலாந்தில் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வெயர், நல்ல முறையில் பேணினால் ஒரு கார் ஒரு மனித ஆயுளுக்குப் போதும் என்ற கருத்தை எண்பதுகளில் வலியுறுத்தினார். பின்னர் மைனருக்கான உதிரிப்பாகங்கள் தென்னிலங்கையில் தயாராகி இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகின. ஒரே தீவின் தெற்கில் அதே காருக்குப் புதிய பாகங்கள் செய்யப்பட்ட காலத்தில், வடக்கில் பழைய பாகங்களைக் கடைந்து பூட்டிக்கொண்டிருந்தனர். போர் இந்நாட்டைப் பிரித்து வைத்திருந்த விதத்துக்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

2002இல் ஏ-9 வீதி திறக்கப்பட்டதும் ஜப்பானிய வாகனங்கள் வந்து சேர்ந்தன. பழைய கார்கள் மெல்ல மெல்லச் சந்திகளிலிருந்து விலகின. ஆனால் 2020இல் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2022இல் எரிபொருளுக்கு நாடு முழுவதும் நீண்ட வரிசைகள் நின்றபோது, முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் வடக்கு அறிந்திருந்ததன் ஒரு சிறு பகுதியைத் தெற்கும் அறிந்துகொண்டது. தனியார் வாகன இறக்குமதி 2025இலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

அந்தக் கராஜ்காரர்களுள் பலர் இன்று எம்மிடையே இல்லை. இருப்பவர்களுக்கும் வயதாகிவிட்டது. அவர்கள் கைப்பழக்கத்தில் அறிந்தவற்றை எந்தத் தொழில்நுட்பக் கல்லூரியும் பாடமாக்கவில்லை. புலம்பெயர்ந்து வாழும் வாசகர்கள் அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, தம் ஊர்ச் சந்தியில் கராஜ் வைத்திருந்த முதியவரிடம் ஒரு மணிநேரம் இருந்து, அவர் சொல்வதை ஒலிப்பதிவு செய்து வரவேண்டும் என்பதே எனது வேண்டுகோள்.