137 கிகாபைட் மதில்

விண்டோஸ் 98 போட்ட பழைய கொம்பியூட்டர் ஒன்று இன்னும் உங்கள் வீட்டு நிலவறையில் கிடந்தால், அதன் சிஸ்டம் கோப்புறைக்குள்ளே ஒருமுறை தேடிப் பாருங்கள். 'ஈஎஸ்டிஐ 506' என்ற பெயரோடு ஒரு சின்னக் கோப்பு இருக்கும். இந்தப் பதிவு அந்தக் கோப்பின் சரித்திரம். பகலில் றெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுகிறவனுக்கு இரவில் கோப்பு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பீர்கள். யாழ் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது 2006 ஓகஸ்ட்டில் ஏ9 பாதை பூட்டுப்பட்டது. படிப்பும் அதோடு நின்றது. ஆனால் அந்தச் சொறி மட்டும் போகவில்லை.

அந்தக் கோப்பு ஒரு டிரைவர். டிரைவர் என்றால் மொழிபெயர்ப்பாளர். அகதி விசாரணைக்குப் போய்வந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. நாங்கள் சொல்வது அதிகாரிக்கு விளங்காது, அவர் கேட்பது எங்களுக்கு விளங்காது. நடுவில் இருக்கிறவர் பிழையாகச் சொன்னால் எங்கள் கதையே மாறிப்போகும். விண்டோசுக்கும் வன்தட்டுக்கும் நடுவில் இருந்த அந்த ஆள்தான் ஈஎஸ்டிஐ 506.

பெயரிலேயே பாதிச் சரித்திரம் இருக்கிறது. அலன் சுகார்ட் என்பவரும் கூட்டாளிகளும் 1979இல் ஒரு கொம்பனி தொடங்கினார்கள். பிறகு சீகேட் என்று பெயர் எடுத்தது அதுதான். 1980இல் அவர்கள் விட்ட வன்தட்டு எஸ்ரி-506. கொள்ளளவு 5 மெகாபைட். இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் இரண்டு படம்கூட அதற்குள் அடங்காது. அதன் அடுத்த பிள்ளை 10 மெகாபைட் ஆகி, 1983இல் ஐபிஎம் எக்ஸ்ரி கொம்பியூட்டருக்குள் ஏறியது. ஈஎஸ்டிஐ என்பது அதற்குப் பின் வந்த, வேகம் கூடிய இணைப்பு முறை. 1986 அளவில் ஐடிஈ என்ற மலிவான முறை வந்து இரண்டையும் மெல்ல மெல்லத் துரத்திவிட்டது. விண்டோஸ் 98 காலத்தில் அந்த வன்தட்டுகளைக் கண்ணால் காண்பதே அரிது. ஆனாலும் டிரைவருக்குப் பெயர் அதுதான். தியேட்டர் இடிந்து எத்தனையோ வருடமான பிறகும் பஸ்ஸில் ஏறி "தியேட்டரடி இறக்கம்" என்று சொல்வோமே, அப்படி.

வன்தட்டுகளின் சரித்திரம் முழுக்க மதில்கள்தான். வன்தட்டில் ஒவ்வொரு 512 பைட்டும் ஒரு காணித்துண்டு. ஒவ்வொன்றுக்கும் இலக்கம் உண்டு. பயோஸ் 1024 உருளைகளுக்கு மேல் எண்ணாது, ஐடிஈ 16 தலைகளுக்கு மேல் எண்ணாது, ஒரு வளையத்தில் 63 துண்டுக்கு மேல் போகாது. மூன்றையும் பெருக்கி 512ஆலும் பெருக்கினால் 528 மெகாபைட். அதுதான் தொண்ணூறுகளின் முதற்பாதியில் எல்லாரும் போய் முட்டின மதில். அதைத் தாண்டியதும் 8.4 கிகாபைட்டில் இன்னொன்று. அதையும் தாண்டின பிறகு வந்ததுதான் 137.

துண்டின் இலக்கத்தைச் சொல்ல ஐடிஈ கொடுத்த இடம் 28 பிட். எட்டு, எட்டு, எட்டு, கடைசியில் ஒரு நாலு. 28 பிட்டில் எழுதக்கூடிய இலக்கங்கள் 26 கோடி 84 இலட்சத்துச் சொச்சம். 512ஆல் பெருக்கினால் 137,438,953,472 பைட். 1980களில் இந்த எண்ணைப் பார்த்தவர்களுக்கு அது கடல்போலத் தெரிந்திருக்கும். 2002 அளவில் கடையில் 160 கிகாபைட் வன்தட்டு விற்றார்கள்.

மதில் என்றால் முட்டி நிற்கும், அவ்வளவுதானே என்று நினைக்கலாம். நின்றால் பரவாயில்லையே. பழைய காரின் மைல் மீற்றர் 99999 ஓடினபிறகு என்ன செய்யும்? 00000இல் இருந்து திரும்பத் தொடங்கும். டிரைவரும் அதையே செய்தது. 137 கிகாபைட்டுக்கு அப்பால் எழுதச் சொன்னால், இலக்கத்தின் மேற்பகுதி வெட்டுப்பட்டு, எழுத்து வன்தட்டின் தொடக்கத்தில் போய் விழும். எந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது என்ற அட்டவணை இருக்கும் இடமே அதுதான். புதிதாக ஒரு பாட்டைச் சேமிப்பீர்கள், பத்து வருடப் படங்களின் விலாசம் அழிந்துபோகும். ஒரு எச்சரிக்கையும் வராது. கொம்பியூட்டரின் பயோஸ் புதியதென்றால் வன்தட்டின் முழு அளவும் சரியாகவே திரையில் தெரியும். ஆள் நம்பித்தான் போவார்.

2002இல் வந்த ஏரிஏ-6 தரம் இலக்கத்தை 48 பிட் ஆக்கியது. செய்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். புது வாசல் கட்டவில்லை. அதே வாசலில் இரண்டு தரம் தட்டச் சொன்னார்கள். முதல் தட்டில் இலக்கத்தின் மேல் பாதி, இரண்டாம் தட்டில் கீழ் பாதி, பிறகு ஒரு புதுக் கட்டளை. எக்ஸ்பிக்கு அதே வருடம் முதலாவது சேர்விஸ் பக்கில் இந்த வசதி வந்தது. 98க்கு மைக்ரோசொஃப்ட் அதைக் கொடுக்கவில்லை. இன்ரெல் தன்னுடைய சில சிப்செற்றுகளுக்கு மட்டும் மாற்று டிரைவர் கொடுத்தது. 2006 யூலை 11இல் 98க்கான ஆதரவே முடிந்தது.

பிறகு திருத்தியது யார்? சம்பளம் வாங்காத ஆட்கள். மூலநிரல் அவர்கள் கையில் இல்லை. இயந்திர மொழியில் கிடக்கும் கோப்பைப் பிரித்து, எந்த இடத்தில் இலக்கம் நாலு பெட்டிக்குள் போடப்படுகிறது, எந்த இடத்தில் கட்டளை போகிறது என்று பைட் பைட்டாகத் தேடினார்கள். முதலில் வன்தட்டிடம் "உனக்கு 48 பிட் தெரியுமா" என்று கேட்கவேண்டும். தெரியும் என்றால் இரண்டு தரம் தட்டவேண்டும். இந்தச் சில வரிகளைக் கோப்புக்குள்ளேயே இடம் பார்த்துச் செருகவேண்டும். ஒரு பைட் பிழைத்தால் சோதிக்கிற வன்தட்டே போய்விடும்.

அதோடும் முடியவில்லை. டிரைவர் சரியானாலும் 98இன் ஸ்கான்டிஸ்க் கிட்டத்தட்ட 127 கிகாபைட்டுக்கு மேற்பட்ட பகுதியைச் சரிபார்க்க மறுக்கும். அதன் நினைவகக் கணக்கு வேறு. ஒரு மதிலை இடித்தால் பின்னால் இன்னொரு மதில்.

மூலநிரல் திறந்து கிடந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கும் ஒரு கதை. லினக்ஸில் எல்லாம் திறந்தபடிதான். ஆனால் 2019இல் அதன் ஃபிளொப்பி டிரைவரை லினஸ் டோர்வால்ட்ஸ் "அநாதை" என்று குறித்தார். பராமரித்தவரிடம் வேலை செய்கிற ஃபிளொப்பி கருவி இல்லாமல் போனதுதான் காரணம். நிரல் இருந்தது, சோதித்துப் பார்க்க மெசின் இல்லை. அதே வருடம் வேறொருவர் அதைப் பொறுப்பேற்றார். ஆக, நிரல், மெசின், அக்கறையுள்ள ஒரு மனிசன் என்று மூன்றும் ஒரே மேசையில் சேர்ந்தால்தான் பழைய டிரைவர் பிழைக்கும். மூன்றிலும் முதலில் தட்டுப்படுவது மனிசன்.

இதெல்லாம் எங்களுக்கு எதற்கு? லாச்சப்பலில் எனக்குத் தெரிந்த அண்ணை ஒருவர் அந்தியேட்டிக் கல்வெட்டு அடித்துக் கொடுப்பவர். பேஜ்மேக்கர், பாமினி எழுத்துரு, விண்டோஸ் 98. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது, பிறகு இல்லை. அவருடைய பக்கங்கள் அடித்தபடியே திறப்பது அந்த மெசினில்தான். ஒவ்வொரு கல்வெட்டிலும் ஒரு வம்சாவளி, ஒரு ஊர், ஒரு குறிச்சியின் பெயர் இருக்கிறது. பல குடும்பங்களுக்கு இடம்பெயர்ந்ததோடு உறுதியும் போய்விட்டது, படமும் போய்விட்டது. பூட்டனின் பெயர் எழுத்தில் இருப்பது அந்தக் கல்வெட்டில் மட்டும்தான். போன வருடம் வன்தட்டு கிறீச்சிடத் தொடங்கியதும் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, 500 கிகாபைட் மலிவாக் கிடக்குது, போடுவமே?"

"வேண்டாம் அண்ணை. 120ஐப் போடுங்கோ."

120, 128 என்று விற்கும் எஸ்எஸ்டிகள் மதிலுக்கு இந்தப்பக்கம். ஐடிஈ மாற்றி ஒன்றோடு பழைய மெசினில் பூட்டலாம். அதற்கும் முதல் பழைய வன்தட்டை முழுதாகப் பிரதி எடுத்து வேறு இடத்தில் வைத்தோம். பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிடிஎஃப் ஆக்குகிற வேலை இன்னும் நடக்கிறது. உங்களிடமும் இப்படி ஒரு மெசின் இருந்தால் இதே ஒழுங்கில் செய்யுங்கள். முதலில் பிரதி, பிறகுதான் திருத்தம்.

1981இல் யாழ் நூலகத்தில் எரிந்த 97,000 நூல்களைப் பற்றி வருடாவருடம் எழுதுகிறோம், எழுதத்தான் வேணும். ஆனால் ஒருவரும் நெருப்பு வைக்காமலே, ஒரு டிரைவர் 28 பிட்டுக்கு மேல் எண்ணத் தெரியாததால் அழிகிற எழுத்தும் எங்களுடையதுதான். அதைக் காப்பாற்ற இயக்கமும் வேண்டாம், நிதி சேர்ப்பும் வேண்டாம். லீவு நாளில் நிலவறைக்குள் இறங்கி, அந்தப் பெட்டியைத் தூசு தட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு ஆள் போதும்.